மஞ்சள் வந்தால் மாத்து

திசையன்விளை பஸ் ஊருக்குள் நுழையும்போதே சுகிர்தாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சனிக்கிழமை மத்தியானம் தாண்டினால் உவரிக் கடற்கரையில் கூச்சல் இருக்கும். கரையேறின போட்டுகளைச் சுற்றி ஏலக்காரர்களும் கூடைக்காரிகளும் நிற்பார்கள். மறுநாள் ஞாயிறு, கடலுக்கு லீவு என்பதால் ஆண்களின் பேச்சில் ஒரு தளர்ச்சி வந்திருக்கும். அன்று பேச்சே இல்லை. தெருக்கோடியில் ஒரு கூட்டம் கடலைப் பார்த்து நின்றது. இவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான்.

மடியிலிருந்த அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். பெட்டிக்குள் ஒரு புதுச் சார்ஜர். வண்ணார்பேட்டையில் அவள் வேலை பார்க்கும் பேட்டரிக் கடையிலிருந்து கொழுந்தன் கஸ்பாருக்காக வாங்கி வந்தது.

"யாரு போட்டு?" என்று எதிரே வந்த பெண்ணிடம் கேட்டாள்.

அந்தப் பெண் இவள் கையைப் பிடித்தாள்.

"கஸ்பாரா?"

"பதறாதீய மதினி. ஆளுக்கு ஒண்ணுமில்ல. எஞ்சின்தான் கெட்டுப்போச்சு. போட்டு இழுத்துக்கிட்டுப் போவுது. தொம்மை அண்ணன் தேடிக் கெளம்பிட்டாரு. ஒயர்லெஸ்ல பேசிக்கிட்டேதான் இருக்கான். நல்லாப் பேசுதான்."

நல்லாப் பேசுகிறான் என்றதும் சுகிர்தா பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். இரண்டு வருசத்துக்கு முன்னால் அவள் கணவன் இன்னாசியைப் பற்றியும் ஊர் இதே வார்த்தையைத்தான் சொன்னது. அன்று அவள் இங்கே இல்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பாளையங்கோட்டை போயிருந்தாள். சாயங்காலம் அவள் திரும்பி வருவதற்குள் அவன் குரல் நின்றுவிட்டது; பிறகு அடக்கம்தான். அன்று நடந்ததை அவள் பிறர் வாயால்தான் அறிந்தாள். ஒவ்வொருவரும் வந்து, "எங்கிட்டக் கூடப் பேசினான்மா, கடைசி வரைக்கும் தைரியமாத்தான் பேசினான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அவளும் அப்போது ஆறுதலாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

கோயிலை ஒட்டிய ஊர்க்கமிட்டி அறைக்கு அவள் ஓடவில்லை. ஓடினால் பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள் என்று நடந்தாள். ஆனால் செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றதை அறை வாசலில்தான் பார்த்தாள்.

உள்ளே நிற்க இடமில்லை. மேசைமேல் ஒயர்லெஸ் செட் இருந்தது. அதற்கு முன்னால் சூசையா. முட்டி கெட்டுப்போய்க் கடலை விட்டவர். ஊருக்கு வரும் ஒயர்லெஸ் பேச்சையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்வார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியார் வியாகுலம் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். மைக் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது.

அப்போது அது கஸ்பாரின் தாய்மாமனிடம் இருந்தது. "ஏல கஸ்பாரு, மாமா பேசுதேன். பயப்படாதல. தொம்மை வந்துக்கிட்டிருக்கான்."

"சரி மாமா. பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. கூட வந்த ரெண்டு பேரும் நல்லாருக்கானுவ. கச்சான் காத்துதான் கொஞ்சம்..."

குரல் கணீரென்று தொடங்கி, நாலு வார்த்தைக்குள் யாரோ வாயில் துணியை வைத்து அமுக்கியதுபோல் அமுங்கியது. பிறகு இரைச்சல்.

மைக் ஒரு கூட்டாளியின் கைக்குப் போனது. "ஏல, மீனு எதுவும் பட்டுச்சா, இல்ல சும்மா டூரு போனியா?"

"வாளை பட்டுருக்குவே. ஒனக்கு ஒரு வாலுகூடக் கெடையாது."

அறையே சிரித்தது. வியாகுலம்கூடச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் பாதி உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சுகிர்தா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கேட்டது அந்தக் குரல் அமுங்குகிற வேகம். முதல் தடவையைவிட இந்தத் தடவை சீக்கிரமாக அமுங்கியது.

கடையில் அவள் இதைப் பல தடவை கேட்டிருக்கிறாள். போட்டுக்காரர்கள் கொண்டுவரும் பழைய பேட்டரியில் செட்டை மாட்டிச் சோதிக்கும்போது ரசீது என்கிற கடை மெக்கானிக் காட்டுவான். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. "கேக்குறதுக்குத் துளி கரண்டு போதும்க்கா. பட்டனை அமுக்கிப் பேசினாத்தான் மடக்கு மடக்குன்னு குடிக்கும். பேட்டரியில சத்து இல்லேன்னா பேசப் பேசக் குரல் கெணத்துக்குள்ள போவும், பாருங்க."

சத்து ஏன் இல்லாமல் போகிறது என்பதையும் அவன்தான் சொன்னான்.

இன்னாசி உயிரோடு இருந்தபோது நல்ல சார்ஜர் ஒன்று வாங்கினான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று விளக்கு உள்ளது. ஒரே தெருவில் சொந்தக்காரர்கள் மூன்று வீடு, மூன்று போட்டு. ஒருத்தன் மட்டும் வைத்துக்கொண்டால் முறையில்லை என்று அதை மூன்று வீட்டுக்கும் பொதுவாக்கினான். கடலிலிருந்து வந்ததும் பேட்டரியைத் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். சார்ஜர் முதல் வீட்டில் மாட்டப்படும். சிவப்பு எரியும். அது மாறி மஞ்சள் வந்ததும் கழற்றி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடவேண்டும். மஞ்சள் வந்தால் மாத்து. தெருவில் அது சட்டம். அந்த நேரத்தில் சார்ஜரிலுள்ள சின்னக் கண்ணாடியில் பதினாலுக்கு மேல் எண் நிற்கும். "பன்னெண்டு வோல்ட்டு பேட்டரியில பதினாலு நிக்கி. நெறஞ்சு வழியுது. இதுக்கு மேல ஏத்தினா வெடிச்சிரும்" என்பார்கள். மஞ்சளைத் தாண்டியும் வைத்திருப்பவனை ஆசைபிடித்தவன் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்கே ஓய்வு, இதற்கு மட்டும் என்ன வேலை என்று வியாகுலம் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுவாள்.

"அநியாயம்க்கா," என்று தலையில் அடித்துக்கொண்டான் ரசீது, இதைக் கேட்டுவிட்டு. "நம்ம டவுன் பஸ்ஸு இருக்குல்லா, காலேஜ் விடுத நேரத்துக்கு வாரது? நின்னதும் முண்டியடிச்சு ஏறுவானுவ. முக்கால்வாசி பஸ்ஸு ஒரு மூச்சுல ரொம்பிரும். அதுதான் செகப்பு. சார்ஜரு இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுத் தள்ளும். அப்புறம் படிக்கட்டுல கூட்டம் நிக்கும், உள்ள எடம் கெடக்கும். கண்டக்டரு உள்ள போ, உள்ள போன்னு விடாமக் கத்தணும். ஒவ்வொருத்தனா நகருவான். அதுதான் மஞ்சள். வோல்ட்டை எறக்காம அப்படியே புடிச்சுக்கிட்டு, கரண்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சுக்கிட்டே வரும். செகப்பைவிட அதுக்குத்தான் நேரம் ஆவும். எல்லாரும் அடங்கினப்பொறவு கதவைச் சாத்தினா பச்சை. அப்புறம் எவனாவது எறங்கினா அந்த எடத்துக்கு ஒருத்தன் ஏறுனாப் போதும். அவ்வளவுதான்."

"அப்ப பதினாலுன்னு காட்டுறது?"

"அது வாசல்ல நிக்கிற கூட்டம்க்கா. உள்ள எத்தனை பேருன்னு அது சொல்லாது. மஞ்சள்ல கழத்தினா, படியில கூட்டத்தத் தொங்கவிட்டுட்டு வண்டியை எடுத்த கணக்கு. உள்ள கால்வாசி சீட்டு காலி. தெனம் தெனம் அப்படியே ஓட்டினியன்னா அந்தக் காலி எடம் உப்புப் பூத்து இறுகிரும். அப்புறம் கண்டக்டரு தொண்டை கிழியக் கத்தினாலும் அங்க ஒருத்தன் ஏற முடியாது."

அன்று சாயங்காலம் அவள் கல்லாவுக்குப் பின்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இன்னாசியின் போட்டில் ராத்திரி விளக்கு எரியவில்லை. தேடிப்போன தொம்மை, "பக்கத்துலதான் போயிருக்கோம், ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தாக் கண்டிருப்போம்" என்று அடக்கத்தின்போது அழுதது நினைவுக்கு வந்தது. ஊரே மாற்றி மாற்றி அவனோடு பேசியதும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவை தாமாகச் சேர்ந்துகொண்டன.

யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. வியாகுலத்திடம் சொல்வது எப்படி? இன்னாசி கடைசியாகத் தன்னிடம் பேசியதை யார் வந்தாலும் எடுத்துச் சொல்லி, அதிலேதான் அந்த அம்மாள் உயிர் வைத்திருந்தாள். மாமி அந்தப் பேச்சைத் தொடங்கினாலே சுகிர்தா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கஸ்பாரிடம் மட்டும், பச்சை வரும்வரை மாட்டி வை என்று சொல்லிப் பார்த்தாள். "ஒரு சார்ஜருக்கு மூணு வீடு மதினி. நான் மட்டும் வச்சுக்கிட்டா நாளைக்குத் தெருவுல தலைகாட்ட முடியுமா?" என்று சிரித்தான் அவன். அதனால்தான் இந்த இரண்டாவது சார்ஜர். அது அவள் கக்கத்தில், பிரிக்கப்படாமல் இருந்தது.

மேசையைச் சுற்றி நின்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"மைக்க எங்கிட்டத் தாங்க."

வியாகுலம் நிமிர்ந்து பார்த்தாள். "வந்துட்டியா தாயி? பேசு, பேசு. ஒம்மேல உசுருல்லா அவனுக்கு."

"நான் பேசுறதுக்கு இல்ல மாமி. அவனைப் பேச விடாம இருக்கணும்."

மைக்கைத் திரும்ப வாங்கியிருந்த தாய்மாமன் அதைக் கொடுக்கவில்லை. "என்ன புள்ள சொல்லுத? கடல்ல கெடக்கவனுக்கு மனுசக் குரல்தானே தைரியம்?"

"மேட்டுக்காரிக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்" என்று, அவள் உள்நாட்டில் பிறந்தவள் என்பதைக் குத்தி, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தெரியாதுதான். மாமா, நேத்து கஸ்பாரு பேட்டரியில இருந்து சார்ஜர எப்பக் கழத்துனிய?"

"மஞ்சள் வந்தப்பொறவுதான். செகப்புலயா புடுங்குவோம்? நாங்க என்ன களவாணிப் பயலுவளா?"

"மஞ்சள்ல பேட்டரி நெறையாது மாமா. முக்காலுக்குப் பக்கத்துலதான் நிக்கும். ரெண்டு வருசத்துக்கு மேல அப்படியே ஓடுன பேட்டரியில அந்த முக்காலும் இருக்காது. அவன் குரலு அமுங்குதே, கேக்கலியா? பேசப் பேசத்தான் தீருது. இருட்டும்போது லைட்டுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"தொம்மை அதுக்குள்ள போய்ச் சேர்ந்துருவான்." மைக்கைப் பிடித்திருந்த கை தளரவில்லை.

சுகிர்தா மாமியாரின் பக்கம் திரும்பினாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்த கணம் ஒன்று இருந்தது. வெளியே மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஜன்னல் கதவைப் படாரென்று அடித்தது. அவள் குனிந்து, மாமியாருக்கு மட்டும் கேட்கிறமாதிரித்தான் சொன்னாள். ஆனால் நெருக்கியடித்து நின்ற எல்லாருக்குமே கேட்டது.

"மாமி. அவரு போன அன்னைக்கும் இப்படித்தான் எல்லாரும் மாத்தி மாத்திப் பேசியிருக்கிய. பொழுது சாயுற வரைக்கும். அதுக்கப்புறம் அவருக்கு லைட்டு எரியல."

செபமாலை நின்றுவிட்டது. வியாகுலத்தின் கட்டைவிரல் ஒரு மணியிலேயே இருந்தது.

"இத ஒனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. கடையில இருந்து நானாத் தெரிஞ்சுக்கிட்டதுதான்."

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"ரொம்ப நாளா."

"அதான் அவன் பேசினதை நான் சொல்லுதப்பமெல்லாம் எந்திச்சுப் போவியோ."

மேசைமேலிருந்த செட் கரகரத்தது. "அம்மா? ஏன் சத்தத்தைக் காணும்? யாராவது இருக்கிய..." மிச்சத்தை இரைச்சல் தின்றது.

வியாகுலம் எழுந்தாள். தன் தம்பியின் கையிலிருந்த மைக்கை, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல மெதுவாக விரல் விரலாகப் பிரித்து வாங்கினாள். சுகிர்தாவிடம் நீட்டினாள்.

"தம்பி, மதினி பேசுதேன்," என்றாள் சுகிர்தா. "நீ பேசாத. கேக்க மட்டும் செய். கேட்டுச்சுன்னா பட்டனை ஒரு தட்டுத் தட்டு."

டக்.

"மீன் பாக்குற மிசினை அணை. ஜிபிஎஸ்ஸ அணை. போனு சார்ஜுல கெடந்தாக் கழத்து. எல்லாத்தையும் அணைச்சிட்டுப் பேட்டரியச் சும்மா விடு. சும்மா விட்டாக் கொஞ்சம் எந்திரிக்கும். அரைமணிக்கு ஒருக்கா ஜிபிஎஸ்ஸப் போட்டு நீ நிக்கிற எடத்து நம்பரை எடு. அப்புறம் செட்டைப் போட்டு நம்பரை மட்டும் சொல்லு. அம்மா, மாமான்னு ஒரு சொல்லு கூடாது. சொல்லிட்டு நாங்க பேசுறதக் கேட்டுக்கோ. வெளங்குச்சா?"

டக்.

"இப்ப செட்டையும் அணைச்சிரு."

அவன் தயங்குவான் என்று அவளுக்குத் தெரிந்தது. நடுக்கடலில், சுற்றிலும் நுரைத்துக்கொண்டிருக்கும் தண்ணீருக்கு நடுவில், கரையோடு இருக்கிற ஒரே நூலைத் தன் கையாலேயே அறுக்கச் சொன்னால் யாருக்குத்தான் கை வரும்? அவன் அணைத்தானா, இல்லையா என்று இங்கிருந்து தெரிய வழியும் இல்லை. செட்டில் இரைச்சல் மட்டும் எப்போதும்போல் ஓடிக்கொண்டிருந்தது.

காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த விசயம்தான். ஆனால் பேச வழியிருந்தும் பேசாமல் காத்திருப்பது புதிது. ஒருவன் வெளியே போய் பீடி பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பி வந்தான். கஸ்பாரின் கூட்டாளி, "நான் கேட்டது சும்மா வெளாட்டுக்குத்தான், அவனச் சிரிக்க வைக்கத்தான் கேட்டேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னான். தாய்மாமன் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரும் இன்னாசியோடு அன்று பேசியவர்தான். இந்த அறையில் பேசாதவர் யார் இருந்தார்கள்?

சூசையா மட்டும் தொம்மையின் போட்டோடு அவ்வப்போது பேசினார். கச்சான் கூடியிருப்பதாகவும், கஸ்பார் முதலில் சொன்ன இடத்தில் ஒன்றுமில்லை என்றும் தொம்மை சொன்னான்.

அரைமணி தாண்டியது. செட் அப்படியே இருந்தது. யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள். அப்போது கரகரப்புக்குள்ளிருந்து கஸ்பாரின் குரல் வந்தது. எண்கள் மட்டும். ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. குரல் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. பேட்டரி எழுந்திருக்கிறது.

சூசையா எண்களைத் தொம்மைக்குத் திருப்பிச் சொன்னார். "இவ்வளவு தூரம் கெழக்கயா போயிட்டான்!" என்றான் தொம்மை. போட்டைத் திருப்பினான்.

அடுத்த அரைமணிக்கு அறையில் விழுந்த வெயில் தரையைவிட்டுச் சுவரில் ஏறிவிட்டது. இந்தத் தடவை குரல் முதல் எண்ணிலேயே அமுங்கத் தொடங்கியது. கடைசி எண்கள் வந்தபோது இரைச்சல்தான் மிஞ்சியது.

"முடிவுல என்ன சொன்னான்? மூணா, ஆறா? திரும்பச் சொல்லச் சொல்லுவமா?" சூசையாவின் கை மைக்கை நோக்கிப் போனது.

சுகிர்தா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். "இது இல்லாம ஒங்களால கணக்குப் பண்ண முடியாதா அண்ணே?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. "முன்ன நின்ன எடம் தெரியும். இப்ப பாதி தெரியும். கச்சான் இழுக்குற தெசையும் தெரியும்... சுமாராச் சொல்லலாம்மா. துல்லியமா வராது. இருட்டுல சுமாரு போதாதே."

இருட்டில் சுமார் போதாது. அதுதான் விசயம். பேட்டரியில் மிஞ்சியிருப்பதைக் கொண்டு அவன் இன்னும் ஒரு தடவை எண்ணைச் சொல்லலாம். அல்லது விளக்கைப் போடலாம். எல்.இ.டி விளக்குக்குத் துளி போதும். பேசுகிற சத்து போன பேட்டரியிலும் அது எரியும் என்று ரசீது எரித்தே காட்டியிருக்கிறான். ஆனால் பேசி முற்றும் வறண்டுபோனால் அதுவும் எரியாது. எண்ணைக் கேட்டால் தொம்மை சரியான இடத்துக்குப் போவான். போவதற்குள் போட்டு இன்னும் கிழக்கே நகர்ந்திருக்கும். இருட்டில், விளக்கில்லாமல். இன்னாசி கிடந்ததுபோல.

"இனிமே அவன் பேசவே வேண்டாம்," என்றாள். "மிச்சத்தை லைட்டுக்கு வைக்கட்டும்." தான் சொல்வது தப்பாக இருந்தால், இந்த அறையில் கடைசியாகக் கேட்ட அவன் பேச்சு பாதியில் அறுந்த ஒரு எண்ணாகத்தான் இருக்கும். அதையும் அவள்தான் அறுத்தவளாவாள்.

வியாகுலம் கையை நீட்டினாள். "தா."

"மாமி..."

"தா புள்ள. அவன் செட்ட அணைக்கதுக்குள்ள தா."

கொடுக்காமல் இருக்க முடியவில்லை. வியாகுலம் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பட்டனை எங்கே அமுக்குவது என்று சூசையா காட்டினார்.

"ஏல கஸ்பாரு. அம்மா. நீ வாயத் தொறக்காத. இருட்டினதும் லைட்டப் போடு. அதுவரைக்கும் ஒண்ணையும் தொடாத. எனக்கு ஒஞ்சத்தம் வேண்டாம்ல. கேட்டியா? வேண்டாம்."

பட்டனை விட்டாள். செட்டில் மறுமுனை திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ பேசுவதற்கு மூச்சை இழுக்கிற அளவு. அறை முழுவதும் அந்த மூச்சோடு நின்றது. பிறகு டக்கென்று அறுந்தது. அவன் பேசவில்லை.

வியாகுலம் மைக்கைத் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று பேர் வந்து, ஒருக்காக் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்றார்கள். தொம்மையோடு பேசவேண்டியபோது மட்டும் சூசையாவிடம் கொடுப்பாள். பேசி முடித்ததும் வாங்கி மறுபடி மூடிக்கொள்வாள்.

சூரியன் மேற்கே, மணவாளக்குறிச்சிப் பக்கம் இறங்கியது. கோயிலில் மாலை மணி அடித்தது. கடற்கரையில் நின்றவர்கள் கலையவில்லை. கடல் சாம்பல் நிறமாகி, வானத்தோடு ஒட்டிக்கொண்டு, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போயிற்று.

"ஒண்ணும் காணல," என்றான் தொம்மை. சற்று நேரம் கழித்து, "ஒண்ணும் காணல. டீசல் போதும். இன்னும் கெழக்கப் போறேன்." பிறகு செட்டில் இரைச்சல் மட்டும்தான்.

சுகிர்தா சுவரைப் பார்த்தபடி நின்றாள். அட்டைப்பெட்டியின் மூலையை அவள் நகம் கிழித்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. பேட்டரி செத்துப்போயிருந்தால்? அலை ஏறி வயர் நனைந்திருந்தால்? பயம் தாங்காமல் அவன் யாரையாவது கூப்பிட்டுப் பார்த்து, மிச்சத்தையும் தீர்த்திருந்தால்?

செட் வெடித்ததுபோல் கத்தியது. "சூசையாண்ணே! ஒரு லைட்டு! கெழக்க... இரு, வானத்து வெள்ளியா லைட்டான்னு தெரியல... மேலயும் கீழயும் ஆடுதுவே! லைட்டுதான்! போட்டு லைட்டுதான்!"

தாய்மாமன் தரையில் உட்கார்ந்தபடியே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தொம்மை மறுபடி வந்து, மூன்று பேரும் இருக்கிறார்கள், கயிறு கட்டியாச்சு என்று சொன்ன பிறகுதான் வெளியே கடற்கரையில் சத்தம் எழுந்து, தெருவழியே உள்ளுக்குள் ஓடியது.

கஸ்பார் கரையில் இறங்கியபோது நடுங்கிக்கொண்டிருந்தான். வியாகுலம் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "இப்பப் பேசுல. பேசு. எம்புட்டுப் பேசணுமோ பேசு." அவன் மதினியைத் தேடிப் பார்த்தான். அவள் கூட்டத்துக்குப் பின்னால், ஒற்றைச் செருப்போடு நின்றாள்.

மறுநாள் காலை முதல் பூசைக்கு மணி அடித்தபோது பேட்டரி வீட்டு நடுவறையில், பழைய சார்ஜரில் மாட்டியிருந்தது. அது இனி முழுதாகத் தேறுமா என்று ரசீதிடம்தான் கேட்கவேண்டும். ஆனாலும் மாட்டியிருந்தார்கள். வியாகுலம் பூசைக்குப் போகும்போது சிவப்பு. திரும்பி வரும்போது மஞ்சள். வழக்கம்போல அலமாரித் துணியை எடுத்துக்கொண்டு வந்தவள், அதன் முன்னால் நின்று, துணியை மடித்துத் திரும்ப வைத்துவிட்டாள்.

தாய்மாமனின் மகன் வாசலில் வந்து எட்டிப் பார்த்தான். "மஞ்சள் வந்துட்டு போலயே?"

"வந்தா வந்துட்டுப் போவட்டும். அந்தா பெட்டியில புதுசு இருக்கு, கொண்டு போய் மாட்டு. பச்சை வராமக் கழத்தினேன்னு கேள்விப்பட்டா, கைய ஒடிச்சிருவேன்."

"ஞாயித்துக்கெழமையும் ஓடவா அத்தை?"

"ஓடட்டும். நாம உக்காந்திருந்தாப் போதும்."

அவன் போனபின் வியாகுலம் சார்ஜருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கஸ்பார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். பார்க்க வந்தவர்கள் வந்து வந்து போனார்கள். வந்தவர்களிடம் எப்போதும் இன்னாசியின் கடைசிப் பேச்சைச் சொல்கிறவள், அன்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பெண் அவளாகவே எடுத்துக்கொடுத்தபோதும், "அதெல்லாம் இருக்கட்டும்" என்று பேச்சை மாற்றினாள்.

சுகிர்தா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. சார்ஜரின் சின்ன விசிறி மட்டும் மெல்ல இரைந்தது.

"மாமி."

"ம்."

"அவரு அன்னைக்கு ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?"

வியாகுலம் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒனக்குத்தான் தெரியுமே. எத்தனை தடவ சொல்லிருப்பேன்."

"நான் ஒரு தடவைகூட முழுசாக் கேட்டதில்லயே. சொல்லுங்க."

வியாகுலம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"எம்மா, கறிக்கு மீனு வாங்கிராத, நான் கொண்டாறேன்னான். நான் ஏசுனேன். ஏல, இருக்கிற இருப்புல ஒனக்கு மீனாடான்னு. சிரிச்சான். அப்புறம், சுகிர்தா வந்துட்டாளான்னு கேட்டான். இன்னும் இல்லல, சாயங்காலப் பஸ்ஸுக்குத்தான் வருவான்னேன். வந்தாச் சாப்பிடச் சொல்லு, எனக்காகக் காத்துக் கெடப்பா, அவளுக்குப் பசி தாங்காதுன்னான்..."

இந்தப் பகுதியை சுகிர்தா அதுவரை கேட்டதில்லை. அதற்குள் எப்போதுமே எழுந்து போயிருப்பாள்.

"அப்புறம்?" என்றாள்.

மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தாள். பச்சை எப்போது வந்ததென்று இருவருமே பார்க்கவில்லை.